வாய்க்கும் வார்த்தைக்கும் நடுவே: வீட்டுக் கேக் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

வீட்டில் கேக் சுடுகிறவர் எதற்காகச் சுடுகிறார் என்பதைத் தமிழில் இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை என்று சொல்லித் தொடங்குவது ஆய்வேட்டு மரபு. தேடிப் பார்க்காமலே அப்படிச் சொல்லிவிடுவதும் மரபுதான். இரண்டையும் காப்பாற்றி இக்கட்டுரை தொடங்குகிறது.

ஆய்வுக்களம் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளும் மலிந்த ஊர் என்பதால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டம் இதற்கு உண்டு. ஆகவே அறிவுச் சூழல் தேடி ஆய்வாளர் பஸ் ஏற வேண்டியதில்லை. மேலும் இவ்வூர்த் தெருக்களில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஒரு திசையில் நகரும்; கிறிஸ்துமஸ் வந்தால் கேக் எதிர்த்திசையில் நகரும்; பக்ரீத்துக்கு மேலப்பாளையத்து நண்பர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பிரியாணி வரும். தின்பண்டங்களின் இடப்பெயர்ச்சியை ஆராய இதைவிடத் தோதான இடம் அமையாது.

தகவலாளிகள்: கேக் என்றதும் கதவைத் திறந்த எல்லோரும். எண்ணிக்கை தரப்படவில்லை. கொடுத்த துண்டுகளை எண்ணி வைத்துக்கொள்வது நாகரிகம் அல்ல என்று நெறியாளர் கருதினார். விலக்குகள்: விற்பனைக்குச் சுடுபவர்கள், பேக்கரிகள், பிறந்தநாளன்று முகத்தில் பூசுவதற்கென்றே வாங்கப்படும் கேக். கடைசியில் சொன்னது உணவியலில் சேராது, ஒப்பனைக் கலையில் சேரும்.

விழுந்த கருதுகோள்கள்

சிக்கனத்துக்காகச் சுடுகிறார்கள் என்பது முதல் கருதுகோள். மளிகைக் கடைச் சீட்டு ஒன்றே இதைச் சாய்க்கப் போதும். வெண்ணெய், முட்டை, வெனிலா எசன்ஸ், பட்டர் பேப்பர், ஒரு தேக்கரண்டி எடுத்த பிறகு அடுத்த கிறிஸ்துமஸ்வரை அலமாரியில் கிடந்து கெட்டிதட்டிப் போகும் பேக்கிங் பவுடர் டப்பா என்று எல்லாவற்றையும் கூட்டினால், அந்தக் காசுக்கு முக்குக் கடையில் கேக்கும் வாங்கி, மீதிக்குத் தேங்காய் பன்னும் வாங்கி வரலாம். இதில் உழைப்புக்குக் கூலி சேர்க்கப்படவில்லை. வீட்டு வேலைக்குக் கூலி சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. சேர்த்தால் கேக் என்ன, இட்லியே கட்டுபடியாகாது.

இரண்டாவது கருதுகோள் உடல்நலம். "வீட்ல செஞ்சதுதானே, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லாத தகவலாளியே இல்லை. பழைய இங்கிலீஷ் பவுண்டு கேக்கின் கணக்கு மிக எளிது: மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கும் ஆளுக்கொரு பவுண்டு. அதாவது மொத்தத்தில் கால் பங்கு சீனி, கால் பங்கு வெண்ணெய். அந்தச் சீனி வீட்டு வாசற்படி ஏறும்போது தன் குணத்தை விட்டுவிடுவதாக வேதியியலில் சான்று இல்லை. ஆயினும் சுகர் மாத்திரை போடுகிற சித்தப்பா கடைக் கேக்கைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு விலகுகிறார். வீட்டுக் கேக்கைக் கண்டால் "ஒரு விள்ளல் மட்டும்" என்கிறார். விள்ளல் என்பது அளவில்லாத அளவு. எத்தனை முறை எடுத்தாலும் ஒரு விள்ளல்தான்.

மூன்றாவது, சுடுகிறவர் தானே தின்ன ஆசைப்பட்டுச் சுடுகிறார் என்பது. களஆய்வில் சுத்தமாக அடிபட்டது இதுதான். சுடுகிறவர் வாய்க்குப் போவதெல்லாம் கரண்டியில் ஒட்டிய மாவு, தட்டில் தங்கிய தூள், கவிழ்க்கும்போது பிய்ந்துவிட்ட ஓரம் ஆகியவைதாம். ஒரு முழுத் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தின்ற ஒருவரையும் காண முடியவில்லை. "நீங்க எடுத்துக்கலையா மைனி?" என்று கேட்டால், "வாசம் பிடிச்சே வயிறு நெறஞ்சிட்டு" என்று பதில் வருகிறது. சுட்டதைத் தின்னவில்லை, காசும் மிச்சமில்லை, உடம்புக்கும் நல்லதில்லை. பின் எதற்கு?

தலச்சேரியில் விடுபட்டுப்போன சில விநாடிகள்

விடைக்காக வடகேரளத்துக் கடற்கரை ஊரான தலச்சேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாபு அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி நடத்திவந்தார். 1883 கிறிஸ்துமஸுக்கு முன்பு, அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் துரை, சீமையிலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றை அவர் முன் வைத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். துரை சொன்னது பிரெஞ்சுப் பிராந்தி. பாபு ஊற்றியது உள்ளூர் முந்திரிப்பழச் சாராயம். துரை தின்றார், மெச்சினார், இன்னும் ஒரு டஜன் கேட்டார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இதைச் சொல்வார்கள்.

கதை சொல்கிறவர்கள் எல்லோரும் முந்திரிச் சாராயத்தில் சிறிது நேரம் நின்று, ஒரு டஜன் ஆர்டருக்குத் தாவிவிடுகிறார்கள். துரை கேக்கை வாயில் வைத்ததற்கும் வாயைத் திறந்து மெச்சியதற்கும் நடுவே சில விநாடிகள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? பாபு அப்போது கைகளை எங்கே வைத்துக்கொண்டிருந்தார்? துரையின் தாடையைப் பார்த்தாரா, கண்ணைப் பார்த்தாரா? எச்சில் விழுங்கினாரா? இதைப் பற்றி ஒரு வரி கிடைப்பதில்லை. வரலாற்றில் இது சிறிய ஓட்டை. நம் துறைக்கு இதுவே வாசல். இக்கட்டுரை முன்வைப்பது இதுதான்: வீட்டில் கேக் சுடும் எவரும் கேக்குக்காகச் சுடுவதில்லை, அந்தச் சில விநாடிகளுக்காகச் சுடுகிறார்.

துணைச் சான்று இங்கிலாந்திலிருந்து. பர்மிங்காம் மருந்துக் கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. முட்டைக்காக அவர் 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடித்தார். ஈஸ்டுக்காக 1843இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். நாட்டு மக்களின் நன்மையை எண்ணி அவர் பொடி இடித்ததாகத் தெரியவில்லை. ஒரு சாப்பாட்டு மேசை, எதிரே ஒரு பெண்மணி, அவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள்: இவ்வளவுதான் சூழல். பட்டன் போட்ட அங்கியோடு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாக நாம் நினைத்துக்கொள்ளும் பொடி, வீட்டுக்காரிக்குப் பிடிக்குமா என்ற கவலையில் பிறந்தது. உலகத்துக் கேக்குகள் எல்லாம் அந்தக் கவலையில்தான் இன்றும் உப்புகின்றன.

பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கேக்கில் புதிதாக ஒரு குமிழியையும் படைப்பதில்லை. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றைச் சிறைவைக்கின்றன. பொடியிலிருந்து கிளம்பும் கரியமில வாயு அந்தச் சிறைகளுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. அடிக்காமல் பொடியை அள்ளிப் போட்டால் கேக் உப்புவதற்குப் பதில் சோடா கசப்புத்தான் மிஞ்சும். அதற்காக மைதா சேர்த்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் மாவில் பசை கூடி, கேக் பரோட்டாவுக்குத் தங்கையாகிவிடும். எங்கே அடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதைத்தான் கைப்பக்குவம் என்கிறார்கள்.

குக்கர்

ஓவன் இல்லாத காலத்தில் அடுக்குப் பானைக்குக் கீழே தணலும் மூடிமேல் தணலும் போட்டுச் சுட்டார்கள். மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, பேக்கரி அடுப்புக்குத் தூக்கிப்போய்ச் சுட்டு வாங்கி வந்த குடும்பங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அந்த அடுப்பைப் போறணை என்பார்கள். இன்று ஓடிஜி வந்துவிட்டது. 180 டிகிரிக்குத் திருகிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடலாம். இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆய்வுக்குரியது பிரஷர் குக்கர். அடியில் கல்லுப்பை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்ப வேண்டும் (தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கும்போது மணல் எதற்கு?). மேலே ஒரு ஸ்டாண்டு. மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். பத்து நிமிடம் வெறும் சூடு. பிறகு மாவு ஊற்றிய பாத்திரத்தை இறக்கி, அடுப்பை சிம்மில் வைத்து, நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. தண்ணீர் இருந்தால் ஆவி நூறு டிகிரியிலும், வெயிட் போட்டிருந்தால் நூற்றிருபதுக்குப் பக்கத்திலும் நின்றுகொள்ளும். கேக்கின் மேல்தோல் பழுப்பேறுவதற்கும் அந்த வாசனைக்கும் காரணமான வினை, 1912இல் லூயி கமீல் மாயார் எழுதிவைத்தது, அதற்கும் மேலே போனால்தான் சுறுசுறுப்பாக நடக்கும். தண்ணீர் வைத்தால் கிடைப்பது வெள்ளை வெளேரென்ற இனிப்புப் புட்டு.

தண்ணீரில்லாமல் சூடேற்றாதீர்கள் என்று குக்கரோடு வரும் கையேடு தடித்த எழுத்தில் சொல்கிறது. அந்தக் கையேடு பெரும்பாலான வீடுகளில் அலமாரிக் காகிதத்துக்கு அடியில் நலமாக இருக்கிறது.

நடுவில் மூடியைத் திறப்பது வேறோர் ஆபத்து. மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டைப் புரதமும் இறுகி நிற்பதற்குமுன் குளிர்காற்று பட்டால் உள்ளிருக்கும் வாயு சுருங்கி நடு பள்ளமாகிவிடும். இது இயற்பியல் காரணம். சமூகக் காரணம், "வெந்துட்டாம்மா?" என்று நிமிடத்துக்கொருமுறை கேட்கும் பிள்ளைகள். வெந்ததா என்று பார்க்க ஈர்க்குக் குத்துகிறார்கள். வெந்த கேக்கின் மேற்பரப்பிலுள்ள துளைகளை ஆராய்ந்தால் அந்த வீட்டின் பொறுமையைக் கணக்கிடலாம். நடுவில் ஒரே துளை என்றால் பழகிய கை. நடுவிலும் நாலு மூலையிலும் துளை என்றால் பக்கத்தில் மாமியார் இருந்திருக்கிறார்.

மெய்ப்பாடு

இனி மையப் பொருள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் சொல்கிறது. கேக்கைப் பற்றி அதில் வெளிப்படையாக ஏதும் இல்லை. ஆனால் முதல் விள்ளல் வாய்க்குள் போன பிறகு இரு முகங்களிலும் நடப்பவற்றை வேறெந்த அளவுகோலும் இவ்வளவு துல்லியமாக அளப்பதில்லை.

சுடுகிறவர் முகத்தில் முதலில் தோன்றுவது அச்சம். அச்சத்துக்கு நூல் சொல்லும் காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பெரியத்தை முதல் துண்டை எடுக்கும்போது வரும் அச்சம் இவற்றுள் கடைசி வகை. சமையலறை ஜன்னலில் பூனை நின்றால் வருவது இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்கு வெளியே போக வேண்டாம். ஆற வைத்திருக்கும் கேக்கின் ஓரத்தைக் கிள்ளுகிற கை எப்போதும் வீட்டுக்குள்ளேதான் இருக்கும். விருந்தினர் வருமுன் அப்படி ஒரு மூலை காணாமற்போனால் பிறப்பது வெகுளி. அதன் காரணங்களில் முதலாவது உறுப்பறை, அதாவது உறுப்பைத் துண்டித்தல். மூலை போன கேக்கைப் பார்த்து நிற்கும் தாயின் முகத்தைக் கண்டவர்கள் அந்தப் பட்டியலில் உறுப்பறை முதலில் நிற்பது ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மருட்கை, அதாவது வியப்பு, நான்கிலிருந்து பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பிய கேக் பெருமை. அடுப்பை அணைத்ததும் அமுங்கிப்போன கேக் சிறுமை. ஒன்று இன்னொன்றாக மாறுவது ஆக்கம் என்றால், வெளிறிய மாவுக் குழம்பு ஒரு மணி நேரத்தில் தேன்நிறத் தோலோடு வெளியே வருவதற்கு வேறென்ன பெயர்?

தின்பவருக்கு உவகை. அதன் நான்கு காரணங்களில் புலன் ஒன்று. அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை, தின்னட்டும். எதிரே நிற்கிறாரே, அவருக்கு வருவதும் உவகை என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இங்கேதான் இவ்வாய்வு மாறுபடுகிறது. அவருக்கு வருவது பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்று பெருமிதத்துக்கு நான்கு காரணம். கல்வி: யூடியூபில் மூன்று அக்காமாரும் ஒரு வடநாட்டுப் பையனும் சொன்னதைச் சேர்த்துத் தானாக ஓர் அளவைத் தேர்ந்தது. தறுகண்: கையேட்டை மீறி வெறும் குக்கரைச் சூடேற்றியது. இசைமை: புகழ், அந்தச் சில விநாடி கழித்து வரவேண்டியது. கொடை: தட்டில் இருப்பது. நான்கும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கூடுவது போர்க்களத்திலும் அபூர்வம். பாளையங்கோட்டைச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் சாதாரணம்.

தீர்ப்புகள்

விநாடிகள் முடிந்து வாய் திறக்கிறது. "நல்லாருக்கு" என்று உடனே வந்தால் அது மதிப்பீடு அல்ல, மரியாதை. தின்பவர் இன்னும் ருசி பார்க்கவில்லை. மென்று, விழுங்கி, ஒரு கணம் சுவரைப் பார்த்துவிட்டு வருவதையே தரவாகக் கொள்ள வேண்டும். "கடையில வாங்குனது மாதிரியே இருக்கு" என்பதை உச்சப் பாராட்டாகச் சுடுகிறவர்கள் கருதுகிறார்கள். எதிர்ச்சாரியில் உள்ள பேக்கரியோ தன் பலகையில் "வீட்டுச் சுவை" என்று எழுதிவைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் சந்தித்துப் பேசினால் தேவலை.

ஒரு முழுப் பதிவு கீழே. களம்: முன்னறை. பங்கேற்பவர்கள்: பெரியத்தை, வீட்டு மருமகள்.

"முட்டை போட்டிருக்கியா?"

"ரெண்டுதான் அத்தை."

"வாடையே இல்லையே."

"எசன்ஸ் விட்டிருக்கேன்லா."

பெரியத்தை மெல்கிறார். மருமகள் முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்க்கிறார்.

"சீனி கொஞ்சம் கம்மியோ?"

"உங்களுக்குச் சுகர்னு பாத்துதான் அத்தை கம்மியாப் போட்டேன்."

"எனக்குன்னா போட்ட?"

இதற்குப் பின் பெரியத்தை பேசவில்லை. இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். மதிப்பீட்டு அட்டவணையில் இதற்குமேல் ஒரு மதிப்பெண் இல்லை: சொல்லாமல் நீளும் கை. அன்று இரவு மருமகள் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்ததாக நம்பத்தகுந்த வட்டாரம், அதாவது கணவர், தெரிவித்தது.

கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று உண்டு: "இதுல சரக்கு இருக்கா?" ஒரே வாக்கியம்தான். மாமி கேட்டால் விலகுவதற்காக, மாமா கேட்டால் நெருங்குவதற்காக. பழத்தை ரம்மில் ஊறவைக்கும் வீடுகளும் உண்டு, ஆரஞ்சுச் சாற்றோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இரண்டிலும் அந்தக் கறுத்த நிறத்தைத் தருவது சாராயம் அல்ல, கருக்கிய சீனி. இரும்புச் சட்டியில் சீனி உருகி, பொன்னிறம் தாண்டி, புகை கிளம்பும் விளிம்பில் வெந்நீரைச் சற்று எட்ட நின்று ஊற்ற வேண்டும். சட்டி சீறி அடங்கும். ஒரு நொடி முந்தினால் நிறம் வராது; ஒரு நொடி பிந்தினால் கசப்பு. ஆரஞ்சுச் சாறு வீட்டுக் கேக்கைத் தின்றுவிட்டு "லேசா ஏறுது" என்ற மாமாவுக்கு ஏறியது இந்தக் கருக்கல்தான்.

"கடையே வைக்கலாம்"

பாராட்டுகளில் ஆபத்தானது இது. "இவ்வளவு நல்லாச் செய்யுத, பேசாம ஒரு கடை வச்சிருட்டி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார், சொல் தங்கிவிடும். கடை வைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், பெட்டி வேண்டும், அட்டையில் பெயர் வேண்டும். எல்லாம் கிடைத்துவிடும். கிடைக்காத ஒன்று, வாங்கிப்போகிறவர் தின்னும்போது அவர் முகம். அவர் எங்கேயோ ஒரு வீட்டில் தின்கிறார். மெச்சினாரா என்பதை மறு ஆர்டர் வருவதை வைத்து ஊகிக்க வேண்டும். விலக்குப் பட்டியலில் இருந்தாலும், வீட்டுக் கேக்குக்குப் பணம் வாங்கத் தொடங்கியவர்களில் சிலர், ஆர்டர் கேக்கின் மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் சுட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பது களஆய்வில் தெரியவந்தது. தரம் பார்க்கிறோம் என்று விளக்கம் தந்தார்கள். ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

2020 ஊரடங்கு இதற்கு இயற்கையே நடத்திய சோதனை. வெளியே போக வழியில்லாததால் வீட்டுக்கு வீடு கேக் வெந்தது. கேக்கே சுடாதவர்களும் சுட்டார்கள். ஆனால் கொடுக்கப் போனால் வாங்குகிறவர் மாஸ்க் போட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலில் மெய்ப்பாடு கிடையாது. அந்நாட்களில் சுட்டவர்கள் எல்லோரும் தங்கள் கேக்கைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டதைத் தற்பெருமை என்று சிலர் எழுதினார்கள். எதிரே முகம் இல்லாத குறைதான் அது என்பது இக்கட்டுரையின் முடிபு.

டப்பா

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது, மனிதருக்கு மூன்று கடமை என்றார்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். பாளையங்கோட்டைக்கு வந்திருந்தால் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்: பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. கேக் போன எவர்சில்வர் டப்பா முருங்கைக்கீரையோடு வரும். அல்லது நாலு நெல்லிக்காய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி. பிளம் கேக்குக்கு முருங்கைக்கீரை சமமா என்ற பரிவர்த்தனை விகிதத்தை எந்த ரிசர்வ் வங்கியும் அறிவிப்பதில்லை. ஆயினும் எல்லோருக்கும் தெரியும். குறைந்தால் அடுத்த வருடம் துண்டு மெலியும்.

மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில் டிரோபிரியண்டு தீவுகளின் குலா வட்டத்தை விவரித்தார். சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலமாகவும், சங்குக் காப்புகள் இடமாகவும் போய்க்கொண்டே இருக்கும். எதுவும் எவரிடமும் நெடுநாள் தங்காது. நம் டப்பாக்களும் அப்படித்தான், ஒரு வேறுபாட்டோடு: அவை தங்கிவிடும். அதனால்தான் நம்மவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டினார்கள். மூடியின் உட்புறம் புள்ளி புள்ளியாக முன்னெழுத்து, அதன்கீழே கல்யாணத் தேதி. கல்வெட்டுகளைப் படி எடுக்க நம்மிடம் துறை இருக்கிறது, பாத்திரவெட்டுகளுக்கு இல்லை. ஒரே சமையலறையில் நாலு குடும்பத்து முன்னெழுத்து கொண்ட டப்பாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், யார் யாருக்குக் கேக் கொடுத்தார், எந்த ஆண்டோடு பேச்சு நின்றது என்பதுவரை எழுதிவிடலாம். பிளாஸ்டிக் டப்பா வந்தபின் இந்தச் சான்றுகள் அழிந்து வருவது வருத்தத்துக்குரியது. எல்லா நீல மூடியும் எல்லோருடையதுமாகிவிட்டது.

கடைசித் துண்டு

தட்டில் ஒரு துண்டு மிஞ்சும்போது அதை முழுதாக எடுக்க யாரும் துணிவதில்லை. ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்தவர் அதில் பாதி. எலேயாவின் ஜீனோ சொன்ன புதிர்ப்படி இது ஒருபோதும் தீரக் கூடாது, நடைமுறையிலும் தீர்வதில்லை. இரவு பத்து மணிக்கு விரல் நகம் அளவில் ஒன்று தட்டில் கிடக்கும். அதை பிரிட்ஜில் வைப்பார்கள். அது தவறு: ஸ்டார்ச் மறுபடி இறுகிக் கேக்கைக் காய்ந்துபோகச் செய்வது, வெளியே இருப்பதைவிடப் பிரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. வெண்ணெய்க் கேக்கை மூடிய டப்பாவில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் வேண்டுமானால் ஃபிரீசரில் வைக்கலாம். பிளம் கேக்குக்கு இந்தக் கவலையே இல்லை. பழமும் சீனியும் அதைக் காக்கும், நாளாக ஆக ருசி கூடும். கூடுகிறதா என்று தினம் ஒரு விள்ளல் எடுத்துச் சோதிக்கும் சித்தப்பாமார் இருக்கும் வீட்டில் அந்த நாள் வருவதில்லை.

பரிந்துரைகள்

முதல் விள்ளலை வாயில் வைத்தவர், எதிரே நிற்பவரை உத்தேசித்து, மெல்லும் நேரத்தைச் சுருக்க வேண்டும். அந்த வேளையில் போன் எடுப்பதைச் சட்டப்படி தடுக்க முடியாவிட்டாலும் முறைத்தாவது தடுக்க வேண்டும். "ரெசிபி குடுங்க" என்று கேட்பவருக்கு எல்லாப் பொருளையும் சொல்லலாம். எந்த டம்ளரால் அளந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஈர்க்குக் குத்திய துண்டைப் பெரியத்தைக்கு வைக்கக் கூடாது.

எதிர்வீட்டு மைனியின் டப்பாக்கள் இரண்டு இவ்வாய்வாளரின் வசம் உள்ளன. ஆய்வுத் தேவைக்காக வைக்கப்பட்டிருந்தவை. அவற்றில் என்ன போட்டுத் திருப்புவது என்பதில் நெறியாளருக்கும் ஆய்வாளரின் வீட்டுக்காரிக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது: நெறியாளர் நெல்லிக்காய் போதும் என்கிறார், வீட்டுக்காரி குக்கரில் உப்பைப் பரப்பிவிட்டார்.